கிதாரை மாற்ற வேண்டாம், 'பிக்-அப்'பை மாற்றுங்கள்!

பொங்கல் விழா, விநாயகர் சதுர்த்தி என்றால் மும்பைத் தமிழர் பகுதிகளில் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் இராது. இக்குழுக்களில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் இளைஞர் பலர் பகலில் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மலிவு விலைக் கிதார் வாங்கியவர்கள். அது இரையத் தொடங்கினாலோ, ஒலி மங்கினாலோ, 'வேறு கிதார் வாங்கு' என்று நண்பர்கள் சொல்லிவிடுகிறார்கள். கிதாரின் கழுத்து வளையாமல், மரம் வெடிக்காமல் இருந்தால் அந்தச் செலவு வீண். பிக்-அப்பை மட்டும் மாற்றினால் போதும்.

பிக்-அப் என்பது என்ன?

காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது கம்பியில் சிறிது மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டறிந்த தத்துவமே இது.

ஒரே சுருள் கொண்டது 'சிங்கிள் காயில்'. ஒலி தெளிவாக இருக்கும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 'உம்'மென்ற இரைச்சலையும் சேர்த்து வாங்கும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இந்த இரைச்சலை அடக்குவது 'ஹம்பக்கர்'. கிப்சன் கம்பெனிப் பொறியாளர் சேத் லவர் 1955-ல் இதை உருவாக்கினார்.

முதலில் சோதனை

கடைக்குப் போகுமுன் தந்திகளைப் புதிதாக மாற்றிப் பாருங்கள். பிறகு பிக்-அப்பின் இரு பக்கத் திருகுகளைத் திருப்பி, கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்தியிருக்கும்போது இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் இருக்குமாறு வையுங்கள். மங்கிய ஒலி இதிலேயே தெளிவடைவதுண்டு. ஜாக்கில் சால்டரிங் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து மல்ட்டிமீட்டர். பிக்-அப்பின் இரு வயர்களையும் தனியே பிரித்து அளந்தால் சிங்கிள் காயில் சுமார் 6 கிலோ ஓம், சாதாரண ஹம்பக்கர் 7 முதல் 9 கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும்போது

பழைய பிக்-அப்பைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். நீளம், அகலம், ஆழம், திருகுத் துளை ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். முதல் தந்தியின் துருவத்துக்கும் ஆறாவது தந்தியின் துருவத்துக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் 50 முதல் 53 மில்லிமீட்டர் இருக்கும். இது மாறினால் ஓரத் தந்திகளின் ஒலி குறையும்.

செராமிக் காந்தம் மலிவு; ஒலி சற்றுக் கூர்மை. அல்நிகோ காந்தம் கூடுதல் விலை. ஒலி பொதுவாக மென்மை. மலிவானது என்பதற்காகச் செராமிக்கை ஒதுக்க வேண்டியதில்லை. அதேபோல், கிலோ ஓம் எண் அதிகமாக இருந்தால் தரம் அதிகம் என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் கம்பிச் சுற்றின் அளவையே காட்டுகிறது.

மூன்றையும் சேர்த்து மாற்றுவது பணவிரயம். பாலத்தை ஒட்டிய ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். இரைச்சல்தான் தொல்லை என்றால், சிங்கிள் காயில் குழிக்குள்ளேயே அடங்கும் சிறிய ஹம்பக்கர் கிடைக்கிறது. மரத்தைக் குடைய வேண்டாம்.

புதியதும் பழையதும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி சன்னமாகிவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டும் எதிர்த் திசையில் வேலை செய்கின்றன. சிங்கிள் காயிலாக இருந்தால் புதியதன் இரு வயர்களையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

மல்ட்டிமீட்டர், சால்டரிங் சாமான்களுக்குக் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் லாமிங்டன் ரோடு நடக்கும் தூரந்தான். நல்ல நிலையில் உள்ள பழைய பிக்-அப்பை எறிந்துவிடாதீர்கள். குழுவில் இன்னொருவர் கிதாருக்கு அது உயிர் கொடுக்கலாம்.