காவலூருக்கும் வேண்டும் ஓர் இருட்டுக் காப்பகம்

லடாக்கின் ஹன்லே பகுதியில் இருட்டிய பிறகு சன்னல்களில் தடித்த திரையை இழுத்துவிடுகிறார்கள். வெளியே எரியும் விளக்குக்கு மூடாக்கு போட்டு, வெளிச்சத்தைத் தரையில் மட்டும் விழச் செய்கிறார்கள். 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் வானாய்வகத்துக்காகத்தான் இத்தனையும். அதைச் சுற்றி 22 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பகுதி 2022 டிசம்பரில் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் 20-க்கும் மேற்பட்டோருக்கு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பயிற்சி அளித்துத் தொலைநோக்கிகளும் தந்தது. வரும் பயணிகளுக்கு அவர்களே பால்வீதியைக் காட்டுகிறார்கள், அதில் வருமானமும் பார்க்கிறார்கள். வானத்தைக் காப்பது அங்கே ஊரின் பிழைப்போடு சேர்ந்துவிட்டது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அதுதான் என்பேன்.

மேலே போகும் வெளிச்சம் யாருக்கும் வழிகாட்டுவதில்லை. காற்றில் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு சிதறும் என்பதை விளக்கின் நிறம் தீர்மானிக்கிறது. காற்று மூலக்கூறுகளில் ஏற்படும் சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள். வெள்ளை எல்இடியிலோ 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம் தூக்கலாக இருக்கும். கணக்குப் போட்டால் அந்த நீலம் மஞ்சளைவிட ஏறத்தாழ 3 மடங்கு சிதறுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்இடிக்கு மாறியது சரியான முடிவே. கண் கூசும் வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததுதான் பிழை. அதே எல்இடி இதமான மஞ்சளிலும் கிடைக்கிறது.

இரவு வெளிச்சத்தை அளக்கும் முக்கியமான செயற்கைக்கோள் கருவிக்கு இந்த நீல ஒளி தெரியாது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. 2011 முதல் 2022 வரை தங்கள் ஊர் வானில் எவ்வளவு மங்கிய நட்சத்திரம்வரை தெரிகிறது என்று பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளை ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருந்தது. இதே வேகத்தில் போனால், 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதில் 100தான் மிஞ்சும்.

இங்கே ஜவ்வாது மலையில், வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்காகத் தேடிக் கண்டுபிடித்த காவலூர் இருக்கிறது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது இங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அவற்றின் தடயம் பதிவானது. 1988-ல் 4130 என்ற எண் கொண்ட சிறுகோளை இங்கே கண்டுபிடித்தார்கள். அதற்கு ராமானுஜன் என்று பெயர். உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இங்கே இருக்கிறது. ஹன்லேயைச் சுற்றி ஆளரவமற்ற குளிர்ப் பாலைவனம் உண்டு. காவலூர் மலையடிவாரத்திலோ ஊர்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் இங்கே காப்பு இன்னும் அவசரம்.

ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் அடுத்த முறை தெருவிளக்கு மாற்றும்போது மஞ்சள் எல்இடியும் மூடாக்கும் போதும், ஊர் இருண்டுவிடாது. மலைமீது சாமையும் தேனும் விற்கும் மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு ஹன்லேயில் கொடுத்த அதே பயிற்சியையும் தொலைநோக்கிகளையும் கொடுக்கலாம்.