பட்டணம் புறப்படுமுன் கணக்குப் பாருங்கள்!



ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. இவ்வூர் மக்களில் பலர் பிழைப்புக்குச் சென்னையை நாடுகின்றனர். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் தந்தையர், "ஹஜ்ரத்! அம்பத்தூரில் வேலை கிடைத்துள்ளது. குடும்பத்தோடு போய்விடலாமா?" என்று கேட்பதுண்டு.

ஹலாலான வருவாயை நாடி ஊர்விட்டு ஊர் செல்வதில் தவறில்லை. ஆனால், கூடுதல் சம்பளத்தை மட்டும் எண்ணிப் புறப்படுவது விவேகமன்று.

முதல் சுமை முன்பணம்

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். வாடகை ரூ.10,000 என வைத்துக்கொள்வோம். முன்பணம் 1 லட்சம், முதல் மாத வாடகை 10,000, தரகருக்கு இன்னொரு 10,000. லாரி வாடகைக்கு முன்பே ரூ.1,20,000 ஆகிவிடுகிறது! இதற்காக வட்டிக் கடையின் படியேறினால், கூடுதல் சம்பளம் வட்டிக்கே போகும். மார்க்கம் தடுத்த பாவமும் நம்மோடு குடிவரும்.

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழக வாடகைச் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆகவே, படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

ஊரில் கிணற்று நீர் இறைத்தவர், நகரில் குடிநீரைக் கேன் கணக்கில் வாங்க நேரிடும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலைக்குச் சென்னை ஆளானதை மறந்துவிடலாகாது. வீட்டுக்குத் தனி மின் மீட்டர் உண்டா என்றும் கேளுங்கள். ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள் இருந்தால், அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தின் பயன் உங்களை வந்தடைவது அரிது.

ஆறுதலான செய்திகளும் உண்டு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. 2020 அக்டோபரில் வந்த ஏற்பாட்டின்படி, ஊர் ரேஷன் அட்டையைக் கொண்டே சென்னையில் பொருள் வாங்கலாம்.

நடுவழி ஒன்று

அம்பத்தூரும் ஆவடியும் திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னை செல்லும் ரயில் பாதையிலேயே உள்ளன. ஆகவே, முதல் மூன்று மாதங்கள் சீசன் டிக்கெட்டில் சென்று வாருங்கள். அலுப்புத்தான், ஆயினும் வேலை நிலைக்குமா என்பது தெரிந்துவிடும். அதற்குள் முன்பணத்தையும் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். போதாததை உறவினரிடம் வட்டியில்லாக் கடனாகப் பெற்று, தவணையை எழுதிக் கொடுங்கள்.

இறுதியாக, இல்லத்தரசியையும் அருகில் அமர்த்திக் கணக்குப் போடுங்கள். பால், அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றை உங்களைவிட நன்கறிந்தவர் அவரே. எல்லாம் போக மாதம் ஒரு சிறு தொகையேனும் மிஞ்சுமெனில், பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள். மிஞ்சாதெனில், ஊரில் இருப்பது இழுக்கன்று. கடனில்லா வாழ்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.