சொன்ன வருகையும் எண்ணிய வருகையும்

கடந்த ஏழு நாட்களுக்குள் ஆலயம் சென்றீர்களா என்னும் வினாவை ஐக்கிய அமெரிக்க நாட்டு மக்களிடம் காலப் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது. 1970களிலும் 1980களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ‘ஆம்’ என்றனர். பெரிய புராட்டஸ்டண்டு சபைகள் பல உறுப்பினரை இழந்துகொண்டிருந்த காலம் அது. எனினும் இவ்வெண் அசையவில்லை.

இதில் ஐயங்கொண்ட ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்னும் ஆய்வாளர் மூவர் 1993இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒஹாயோ மாநிலத்தின் அஷ்டபூலா மாவட்டத்தில், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சிற்றாலயங்களையும் அவர்கள் சாலை சாலையாகத் தேடிக் கண்டனர். வருகைக் கணக்குக் கிடைக்காத இடங்களில் ஆலயத்தருகே நின்ற கார்களை எண்ணினர். அங்குள்ள புராட்டஸ்டண்டாருள் ஆலயம் சென்றதாகச் சொன்னவர் நூற்றுக்கு 36 பேர். எண்ணிக் கண்டதோ 20 பேரே. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் பதினெட்டில் இவ்வெண்கள் முறையே 51, 28.

இக்கணக்கை மறுத்தோரும் உண்டு. ஹௌட் என்பவரும், குருவும் சமுதாயவியல் அறிஞருமான கிரீலியும் இடைவெளி இத்துணைப் பெரிதன்று என 1998இல் வாதிட்டனர். சபை அலுவலர் தரும் எண்ணிக்கையையே உரைகல்லாகக் கொள்ளலாமா என்பதும் அவர்கள் எழுப்பிய வினா. ஆண்டறிக்கைப் படிவங்களை நிரப்பும் போதகர்களாகிய நாம் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது.

எனினும் மக்கள் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். அதே 1998இல் பிரெஸ்ஸர், ஸ்டின்ஸன் இருவரும் வேறொரு வழியைக் காட்டினர். ஆலயத்தைப்பற்றி ஒன்றுங் கேளாமல், ஞாயிறன்று செய்தவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லுமாறு கேட்டபோது, ஆலயம் சென்றதாகச் சொன்னோர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நேராகக் கேட்கப்பட்டவர் ‘நீர் எத்தகையவர்?’ என்னும் வினாவையே செவிமடுக்கிறார். சென்ற வாரத்திற்கன்று, தம்மைப்பற்றித் தாம் கொண்டுள்ள எண்ணத்திற்கே மறுமொழி தருகிறார். பிரென்னர் 2011இல் பல நாடுகளை ஒப்பிட்டபோது, இம்மிகை அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிதாகவும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சிறிதாகவும் காணப்பட்டது. ஆலயம் செல்பவர் என்ற பெயருக்கு மதிப்புள்ள இடத்தில்தான் அதை மிகுத்துச் சொல்லத் தோன்றும் போலும்.

வீடு சந்திப்பில் ‘குடும்ப ஜெபம் நடக்கிறதா?’ என்று கேட்டால், ‘நடக்கிறது ஐயா’ என்பதே பெரும்பாலும் விடை. அவ்விடையை வினாவே வகுத்துக் கொடுத்துவிட்டது. நேற்று மாலை வீட்டில் யார் யார் இருந்தார்கள், விளக்கணைக்கும்வரை பொழுது எப்படிப் போயிற்று என்று விசாரிக்கும் போதகருக்குக் குறைவாகவே ஜெபம் அறிவிக்கப்படும். ஆனால் இரவு வேலைக்குச் செல்லும் தகப்பனைப்பற்றியும், ஒன்பது மணிக்கு மேலும் சமையலறையில் நிற்கும் தாயைப்பற்றியும் அவர் அறிந்துகொள்வார்.