முப்பது பொன்னும் ஐம்பத்தொரு பொன்னும்

பி.ஏ. வரலாறு இறுதியாண்டு மாணவரிடம் புராஜெக்ட் என்னவென்று கேட்டால், 'திருவரங்கம் கோயில் - ஓர் ஆய்வு' என்று பதில் வரும். ஸ்பைரல் பைண்டிங், வைவா, அப்புறம் துறை பீரோ. நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான். ஏழு பிராகாரம், 236 அடி இராஜகோபுரம். இதற்கா மூன்று வருஷம் படித்தேன்?

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் சீக்கிரமே ஸ்ரீரங்கம். சுவரெல்லாம் எழுத்து. அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். அவற்றின் வாசகங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதியாக 1982இல் அச்சாகிவிட்டன. மைப்படி எடுக்க அனுமதி வேண்டும்; அச்சிட்டதை வைத்துக்கொண்டு சுவரை வாசிக்கக் கண் போதும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 17ஆம் ஆட்சியாண்டு. அவன் பட்டமேறியது 907. ஆக, சுமார் 924. சங்கரன் இரணசிங்கன் என்பவர் வெள்ளி விளக்குத்தண்டு கொடுத்து, நந்தாவிளக்கு எரிய 30 பொன் வைக்கிறார். கற்பூரம், திரி முதலிய செலவுக்கு 51 பொன். விளக்கைவிடக் கற்பூரக் கணக்கு பெரிதாக இருக்கிறதே, ஏன்? கற்பூரம் எங்கிருந்து வந்தது? சுமத்ராவின் பாரூஸ் அந்நாளில் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். அங்கேயே 1088இல் தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டு இடைவெளி. அதைக் கடக்க மற்றக் கோயில்களின் கற்பூரக் கணக்கையும் தேட வேண்டும். பி.ஏ. மாணவர் ஒருவருக்கு ஒரு பருவம் முழுக்க வேலை இருக்கிறது.

ஆகிற காரியமா என்பவர்களுக்குத் திருச்சியிலேயே விடை உண்டு. கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் அதே 1982இல் தொடங்கியது டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம். தந்தையின் பெயரில். கிளினிக் நேரம் போக மிச்ச நேரத்தில் கோயில் கோயிலாக நடந்து, கண்டதை 'வரலாறு' ஆய்விதழில் எழுதினார். கல்லூரி ஆசிரியர்களான மு. நளினி, அர. அகிலா ஆகியோரும் உடன் நடந்தார்கள். சேர்ந்து நூல்களும் எழுதினார்கள். கண் டாக்டருக்கு முடிந்தது, வரலாறே பாடமாகப் படிக்கிற பிள்ளைக்கு முடியாதா?

பேராசிரியப் பெருமக்களே, வரும் ஆண்டு 'ஓர் ஆய்வு' என்று முடிகிற தலைப்புகளை ஏற்காதீர்கள். ஆளுக்கு ஒரு கல்வெட்டு கொடுத்து அனுப்புங்கள்.