லக்சம்பர்க் தீர்ப்பும் வார்சா அரசிதழும்

போர்ச்சுகலில் பொருளாதார நெருக்கடி முற்றிய காலத்தில் அரசு பலருடைய சம்பளத்தில் கைவைத்தது. அதில் தணிக்கை நீதிமன்றத்து நீதிபதிகளும் அடக்கம். அவர்களுக்காக நீதிபதிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2018 பிப்ரவரி 27-ஆம் தேதி, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சம்பள வெட்டில் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஒன்றியச் சட்டத்தைக் கையாளக்கூடிய எந்த உள்நாட்டு நீதிமன்றமும் சுதந்திரமாக இயங்குவதை உறுதிசெய்வது உறுப்பு நாட்டின் கடமை. மகளைத் திட்டுவதுபோல் மருமகளுக்கு உறைக்கச் சொல்லும் மாமியார் வித்தை இது. உறைக்கவேண்டிய இடம் போலந்து.

ஒன்றியத்துக்கென்று சிறையோ, தீர்ப்பை நிறைவேற்றும் போலீஸோ கிடையாது. அதன் சட்டத்தை அன்றாடம் நடத்திவைப்பவர்கள் அந்தந்த நாட்டு நீதிபதிகள்தான். போலந்து நீதிமன்றத்தின் கைது ஆணையை அயர்லாந்து மதித்தாக வேண்டும். ஆனால் வார்சா நீதிபதி ஆளுங்கட்சியின் சொல்லுக்கு ஆடுகிறவர் என்றால் டப்ளின் நீதிபதி என்ன செய்வார்? 2018-இல் அயர்லாந்து உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியை லக்சம்பர்க்குக்கே அனுப்பிவைத்தது.

போலந்தில் 2015-இல் ஆட்சிக்கு வந்த ‘சட்டமும் நீதியும்’ கட்சி முதலில் குறிவைத்தது அரசியல் சாசனத் தீர்ப்பாயத்தை. முந்தைய நாடாளுமன்றம் முறைப்படி தேர்ந்தெடுத்த மூவருக்கு அதிபர் டூடா பதவிப்பிரமாணம் செய்துவைக்கவில்லை. புதியவர்கள் இரவோடு இரவாகப் பதவியேற்றார்கள். 2016 மார்ச்சில் தீர்ப்பாயம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, அதை அரசிதழில் வெளியிடவே அரசு மறுத்தது. அச்சேறாத தீர்ப்பு அமலுக்கு வராதே! இவ்வளவு மலிவாக ஒரு நீதிமன்றத்தை முடக்கியவர்கள் குறைவு.

அடுத்து உச்ச நீதிமன்றம். 2018-இல் ஓய்வு வயதை 70-லிருந்து 65 ஆக்கி, பதவியில் இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். தலைமை நீதிபதி கெர்ஸ்டோர்ஃப் ஜூலை 4-ஆம் தேதி வழக்கம்போல் வேலைக்கு வந்தார். வாசலில் அவரை வரவேற்கக் கூட்டம் திரண்டிருந்தது. லக்சம்பர்க் இடைக்காலத் தடை விதித்தது. மறு ஆண்டு, நீதித்துறைச் சுதந்திரம் மீறப்பட்டதாகவே தீர்ப்பளித்தது. ஹங்கேரி இதே வேலையைச் செய்தபோது, 2012-இல் அதை வயதுப் பாகுபாடு என்ற கணக்கில்தான் இந்த நீதிமன்றம் கண்டித்திருந்தது. வழக்கில் ஹங்கேரி தோற்றது. ஆனால் வெளியேற்றப்பட்ட பலருடைய நாற்காலியில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

அரசியல் வழி இதைவிட மோசம். ஒன்றிய ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு, தவறு செய்யும் நாட்டின் வாக்குரிமையைக்கூட நிறுத்திவைக்க இடமளிக்கிறது. அதற்கு மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாக மீறலை உறுதிசெய்ய வேண்டும். போலந்துமேல் 2017-லும் ஹங்கேரிமேல் 2018-லும் நடவடிக்கை தொடங்கியது. வார்சாவுக்கு புடாபெஸ்ட் துணை, புடாபெஸ்டுக்கு வார்சா துணை. விதி ஏட்டோடு நின்றது.

எஞ்சியது பணம். நீதிபதிகளைத் தண்டிக்க உண்டாக்கிய ஒழுங்கு நடவடிக்கை அமர்வின் செயல்பாட்டை நிறுத்திவைக்காததற்காக, 2021 அக்டோபரில் போலந்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. கட்ட மறுத்ததால், அதற்கு வரவேண்டிய நிதியில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பிடித்துக்கொண்டது. ஹங்கேரிக்கு 2022 டிசம்பரில் சுமார் 630 கோடி யூரோ நிறுத்தப்பட்டது. ஆனால் பணத்தால் பிடித்த கயிறு பேரத்தில் தளரும். 2023 டிசம்பரில், உக்ரைனை ஒன்றியத்தில் சேர்ப்பது பற்றிய உச்சி மாநாட்டுக்கு முந்தைய நாள், ஹங்கேரிக்கு வேறு கணக்கில் முடக்கியிருந்த சுமார் 1,020 கோடி யூரோவை ஆணையம் விடுவித்தது. நீதித்துறைச் சீர்திருத்தத்துக்காக என்றார்கள். அந்தத் தேதியைப் பார்த்தால் நம்புவது கடினம்.

போலந்தில் நிலைமையை மாற்றியது 2023 தேர்தல்தான். டொனால்ட் டஸ்க் பிரதமரானார். 2024 மே மாதம் 7-ஆம் பிரிவு நடவடிக்கையை ஆணையம் முடித்துக்கொண்டது. சட்டங்களோ பெரும்பாலும் பழையபடியே இருந்தன. அரசியல்வாதிகள் கைக்குப் போன நியமனக் குழு மூலம் ஆயிரக்கணக்கான நீதிபதிகள் வந்திருக்கிறார்கள். ஒரேயடியாக நீக்கினால், அவர்கள் தீர்த்த விவாகரத்தும் சொத்து வழக்கும் என்னாகும்? திருத்தச் சட்டம் கொண்டுவந்தாலோ அதிபரின் கையெழுத்து வேண்டும். டூடா போடவில்லை. 2025 ஆகஸ்டில் பதவியேற்ற நவ்ரோட்ஸ்கியும் டஸ்கின் எதிர்முகாமைச் சேர்ந்தவர்.

இதற்கிடையே டஸ்க் அரசு, முறைகேடாக அமைந்தது என்று காரணம் சொல்லி, அதே அரசியல் சாசனத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளை 2024 மார்ச்சிலிருந்து அரசிதழில் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. காரணம் முன்னவர்களுடையதைவிட நியாயமானது. கையிலெடுத்த கருவி அவர்களுடையதேதான்.