தகராறு செய்யும் ஹார்ட் டிஸ்க்: தகவல்களை இழக்காமல் மாற்றுவது எப்படி?

கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் கெட்டுப் போனாலும் கடைக்குச் சென்று புதிதாக வாங்கி மாட்டிவிடலாம். ராம், மானிட்டர், எஸ்எம்பிஎஸ், ஏன் மதர்போர்டு கூட அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கையும் வாங்கலாம். ஆனால் அதற்குள் இருந்த உங்கள் போட்டோக்கள், கணக்கு வழக்குகள், கடிதங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே, மற்ற பாகங்களை மாற்றுவது போல் அவசரமாகக் கழற்றி மாட்டாமல், சரியான வரிசையில் செய்ய வேண்டும். அந்த வரிசையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

எச்சரிக்கை அறிகுறிகள்:

ஹார்ட் டிஸ்க் கெடும் முன் பெரும்பாலும் சில அறிகுறிகளைக் காட்டும். விண்டோஸ் தொடங்கப் பத்து நிமிடம் ஆவது, ஒரு குறிப்பிட்ட போல்டரைத் திறந்தால் மட்டும் கம்ப்யூட்டர் உறைந்து நிற்பது, பைல்கள் திறக்க மறுப்பது போன்றவை டிஸ்க்கில் பழுதடைந்த செக்டார்கள் இருக்கலாம் என்பதைக் காட்டுகின்றன.

'டிக் டிக்' என்று சீரான இடைவெளியில் சத்தம் கேட்டால் நிலைமை மோசம். டிஸ்க்கினுள் தகவலைப் படிக்கும் ஹெட், தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது இந்தச் சத்தம் வரும். உடனே கம்ப்யூட்டரை ஆப் செய்துவிடுங்கள். தகவல் முக்கியமானது என்றால், டிஸ்க்கைத் தூசியில்லாத அறையில் திறந்து பார்க்கும் வசதியுள்ள டேட்டா ரெகவரி நிறுவனத்திடம் கொடுப்பது ஒன்றே வழி. பிரீசரில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். மிச்சம் இருப்பதும் போய்விடும்.

டிஸ்க்கிடமே கேளுங்கள்:

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக் கொள்கிறது. இந்த வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். இதைப் படித்துக் காட்ட கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம் உள்ளது. நீல நிறத்தில் 'குட்' என்று காட்டினால் பரவாயில்லை. மஞ்சளில் 'காஷன்' என்றோ, சிவப்பில் 'பேட்' என்றோ காட்டினால் டிஸ்க்கை மாற்றும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைக் கவனியுங்கள்.

05: பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள்.
சி5: படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்கள்.
சி6: திருத்தவே முடியாத செக்டார்கள்.
சி7: தகவல் வந்து சேரும் வழியில் ஏற்பட்ட பிழைகள். இது மட்டும் ஏறிக் கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இந்த எண்கள் சாதாரணமாக ஹெக்ஸாடெசிமல் முறையில் தெரியும். அதாவது 28 என்று இருந்தால் அது 40 என்று பொருள்.

'குட்' என்று வந்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. கூகுள் நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கெட்டுப் போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்று கூட ஏறவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. டிஸ்க் தன்னைத் தானே பரிசோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாட்களில் அது கெட்டுப் போகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம். எனவே எண் ஏறினால் காத்திருக்க வேண்டாம். ஏறவில்லை என்றாலும் பேக்கப் வேண்டும்.

செய்யக் கூடாதவை:

டிஸ்க்கில் சந்தேகம் வந்தவுடன் பலரும் செக் டிஸ்க் அல்லது டிபிராக் ஓட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். இவை நலிந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் வேலை வாங்குவதோடு, அதில் எழுதவும் செய்யும். செக் டிஸ்க், பைல்களைச் சரி செய்வதாக நினைத்துத் துண்டாக்கிவிடவும் கூடும். புதிய புரோகிராம்களையும் அந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டாம்.

எதை முதலில் எடுப்பது?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய 500 ஜிபி டிஸ்க்கில் சி5 வரியில் 28 காட்டியது. "தம்பி, மற்றது போனாலும் பரவாயில்லை. என் வீட்டம்மா பேசுகிற வீடியோ ஒன்று இருக்கிறது. அது மட்டும் வேண்டும்" என்றார். அந்த அம்மா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. வேறு பிரதி இல்லை.

இது போன்ற நேரத்தில் முழு டிஸ்க்கையும் காப்பி செய்யத் தொடங்கக் கூடாது. மிக முக்கியமான போல்டர்களை முதலில் ஒரு யுஎஸ்பி டிஸ்க்குக்கு எடுக்க வேண்டும். அப்படியே தொடங்கினோம். ஆவணங்களும் போட்டோக்களும் வந்துவிட்டன. அந்த வீடியோவில் மட்டும் காப்பி அப்படியே நின்றுவிட்டது. "சார், இதை இப்போது வற்புறுத்த வேண்டாம். மற்றதை முடித்துவிட்டு வருவோம்" என்று சொல்லி அடுத்த போல்டருக்குப் போனேன். காரணம், ஒரு பைலில் ஒரு செக்டார் படிக்க முடியவில்லை என்றாலும் விண்டோஸ் முழு பைலையும் கைவிட்டுவிடும். திரும்பத் திரும்ப முயன்றால் டிஸ்க்தான் இன்னும் நலியும்.

முழு டிஸ்க்கை நகல் எடுத்தல்:

டிஸ்க்கில் செக்டார் பிழை இல்லை, வேகம்தான் போதவில்லை என்றால் வேலை எளிது. சீகேட்டின் டிஸ்க்விசார்டு போன்ற தயாரிப்பாளர்களின் இலவச புரோகிராம்களையோ குளோன்சில்லாவையோ பயன்படுத்தி அப்படியே குளோன் செய்யலாம்.

பிழைகள் இருந்தால் குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம்தான் ஏற்றது. சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென் டிரைவில் இது இருக்கிறது. இது முதல் சுற்றில் நன்றாக உள்ள பகுதிகளை வேகமாக எடுத்துவிடும். சிக்கலான இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பி வந்து சிறிது சிறிதாக முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் பைலில் எழுதி வைக்கும். அந்தப் பைலை வேறொரு பென் டிரைவில் சேமித்தால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய டிஸ்க்கின் அளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். அடுத்து, எது பழையது, எது புதியது என்பதை அளவையும் சீரியல் நம்பரையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியான டிஸ்க், தகவல் உள்ள டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

ஆசிரியரின் டிஸ்க்கை 1 டிபி எஸ்எஸ்டி-க்கு நகல் எடுத்தேன். முதல் சுற்று மூன்று மணி நேரம் ஓடியது. மிச்சத்துக்கு இரவு முழுவதும் ஆனது. காலையில் சில செக்டார்கள் மட்டுமே வராமல் இருந்தன. அந்த இடங்கள் வெறுமையாக விடப்பட்டதால், இப்போது விண்டோஸ் வீடியோவைத் தடையின்றிப் படித்தது. ஒரே ஓர் இடத்தில் இரண்டு விநாடி படம் கலைந்து, பிறகு சரியானது. அம்மாவின் குரல் முழுதாக இருந்தது.

கழற்றி மாட்டுதல்:

1. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி விடுங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள்.
2. கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள மின்னேற்றத்தை இறக்குங்கள்.
3. பழைய டிஸ்க்கின் டேட்டா, பவர் கேபிள்களைக் கழற்றி, புதிய டிஸ்க்கில் மாட்டுங்கள். சாட்டா இணைப்பு 'எல்' வடிவில் இருப்பதால் ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும். அழுத்திச் செருக வேண்டாம்.
4. முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கை இணைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.
5. பூட் ஆகாவிட்டால், பயாஸில் புதிய டிஸ்க் முதல் பூட் டிரைவாக உள்ளதா என்று பாருங்கள்.
6. இப்போது செக் டிஸ்க் ஓட்டலாம், புதிய டிஸ்க்கில் மட்டும்.

லேப்டாப் என்றால் வாங்கும் முன் அளவைக் கவனியுங்கள். சிலவற்றில் 7 மிமீ தடிமனுள்ள டிஸ்க் மட்டுமே பொருந்தும். எம்.2 இணைப்பிலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. பிட்லாக்கர் போடப்பட்டிருந்தால், வேலையைத் தொடங்கும் முன் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் பைல்களே சேதமாகியிருந்தால் புதிய டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, காப்பாற்றிய பைல்களை மட்டும் மாற்றுவது நல்லது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், உங்கள் கம்ப்யூட்டர் ஏற்குமானால் விண்டோஸ் 11-ஐயே போட்டுவிடலாம்.

பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். எல்லா பைல்களும் திறக்கின்றனவா என்று ஒரு மாதமாவது சரிபார்த்த பின், தகவல்களை அழித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

எஸ்எஸ்டி-க்கு மாறிவிட்டால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். அதில் சத்தம் போடும் பாகம் எதுவும் இல்லை. எனவே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடும். முக்கியமான தகவலுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போவை இன்றே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது.