பார்சலும் பேரேடும்

வீட்டிலிருந்தபடியே வணிகம் செய்யும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பெருகிவிட்டன. தையல் அறிந்த பெண்மணி புர்காவும் குழந்தைகளுக்கான பெருநாள் உடைகளும் தைக்கிறார். கல்லூரிப் படிப்பை முடித்த மகன் கைப்பேசியில் ஆர்டர் பெறுகிறான். மாலையானதும் பார்சல்கள் புறப்படுகின்றன. கடையில் அமர்ந்து விற்பதற்கும் இவ்வாறு அனுப்பி விற்பதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கடையில் ஒரு கையால் பொருள் போகிறது. மறு கையில் பணம் வந்து சேருகிறது. பார்சல் வணிகத்திலோ பொருள் இன்று போகிறது, பணம் அடுத்த வாரம் வருகிறது. இடையில் மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் சுமந்து நிற்கிறார்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். உடனுக்குடன் கைமாறும் வணிகத்துக்கு அங்கே சலுகை தரப்பட்டிருப்பதும் தெரிந்ததே. பார்சல் வணிகத்தை அந்தச் சலுகைக்குள் அடக்க முடியாது என்றே தோன்றுகிறது. இதில் எழுத வேண்டியவை மிகுதி, எழுதப்படுபவையோ குறைவு.

பெரும்பாலான குடும்பங்களில் எழுத்து இரண்டு இடங்களில் நடக்கிறது. விற்பனைப் பில் கணினியிலுள்ள கணக்கு மென்பொருளில் இருக்கும். பார்சல் விவரம் கூரியர் நிறுவனத்தின் இணையதளத்திலோ, மேசை இழுப்பறையில் கிடக்கும் ரசீதுத் துண்டிலோ இருக்கும். ஒரே முகவரியை இருமுறை தட்டச்சு செய்கிறார்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் பார்சல் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டு எழுத்துகளையும் ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் இப்போது பரவலாகிவரும் இணைப்பு முறை.

பெங்களூர்ச் சாலையில் பிறந்த மென்பொருள்

தருமபுரிக்குத் தெற்கே சேலம் செல்லும் வழியில் அமைந்துள்ளது அதியமான்கோட்டை. தகடூர் ஆண்ட வள்ளலின் பெயரைத் தாங்கிய இவ்வூரின் வழியே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது. இரவு முழுவதும் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர். இதே நெடுஞ்சாலையின் வடக்கே, பெங்களூரில்தான் 1986இல் டாலி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆலைகளுக்கு இயந்திர உதிரிபாகங்கள் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குகளுக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல், அதை எழுதித் தருமாறு தம் மகன் பரத் கோயங்காவிடம் கேட்டார். அதுவே பின்னர் டாலியாயிற்று. ஒரு வணிகக் குடும்பத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பதால்தானோ என்னவோ, நம் ஊர்க் கணக்கர்களுக்கு அது எளிதில் கைவந்தது. தமிழகத்தில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2011இல் 'ஜோஹோ புக்ஸ்' என்னும் கணக்கு மென்பொருளை வெளியிட்டது. இவ்விரண்டில் ஒன்றுதான் இன்று சிறு வணிகர்கள் பலரின் மேசையில் இருக்கிறது.

இணைப்பு நடைபெறும் விதம் கடினமானதன்று. பில் போட்டவுடன் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எடை, மதிப்பு ஆகியவை இணையம் வழியே கூரியர் நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. அங்கிருந்து ஒரு டிராக்கிங் எண்ணும், பெட்டியில் ஒட்ட வேண்டிய சீட்டும் திரும்பி வருகின்றன. அந்த எண் நம் பில்லிலேயே பதிவாகிவிடுகிறது. பார்சல் போய்ச் சேர்ந்ததும் அச்செய்தியும், பின்னர் பணம் வந்ததும் அத்தொகையும் அதே எண்ணின் கீழ் வந்து அமர்கின்றன. எல்லாவற்றையும் கோக்கும் நூல் அந்த ஓர் எண்தான்.

சில மென்பொருள்களில் இவ்வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. ஷிப்ராக்கெட் போன்ற இடைநிலை நிறுவனங்கள் பல கூரியர்களை ஒரே இடத்தில் இணைத்துத் தருகின்றன. டாலிக்கு இதற்கென எழுதப்பட்ட துணை நிரல்கள் கிடைக்கின்றன. வழக்கமாக 9000 என்னும் எண்ணுடைய வாயில் வழியே எக்ஸ்.எம்.எல். வடிவில் தகவலை ஏற்கும் திறன் டாலிக்கு உண்டு. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து பார்சல் மட்டுமே அனுப்புவோர் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூரியர் நிறுவனம் தரும் எக்செல் பட்டியலை வாரம் ஒருமுறை மென்பொருளுக்குள் ஏற்றினாலே அவர்களுக்குப் போதும்.

ரூ. 8,925 எங்கே போயிற்று?

பொருள் கையில் கிடைத்தபின் பணம் தரும் முறை புதிதன்று. அஞ்சல் துறை 1877இலேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. நம் பெரியவர்கள் நூல்களை அவ்வாறு வரவழைத்திருக்கிறார்கள். இன்று கூரியர் நிறுவனங்கள் அதையே 'கேஷ் ஆன் டெலிவரி' என்று செய்கின்றன. கணக்கில் பெருங்குழப்பம் விளைவது இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தலா ரூ. 900 விலையில் 40 பார்சல்கள் அனுப்பப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். பில்லின்படி விற்பனை ரூ. 36,000. பத்து நாள் கழித்து வங்கியில் வந்து சேர்ந்ததோ ரூ. 27,075. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கூரியர்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒருவர் சொல்கிறார். மகன் சரியாகக் கவனிக்கவில்லை என்று மற்றவர் சொல்கிறார்.

உண்மையில் 5 பார்சல்கள் வாங்கப்படாமல் திரும்பிவிட்டன, அது ரூ. 4,500. மீதி 35க்கு வசூல் ரூ. 31,500. அனுப்பும் கட்டணம் 40 பார்சலுக்குத் தலா ரூ. 60 வீதம் ரூ. 2,400. திரும்பி வந்த 5க்கும் அதே கட்டணம், ரூ. 300. பணம் வசூலித்துத் தந்ததற்குப் பார்சலுக்கு ரூ. 30 வீதம் ரூ. 1,050. ஆகக் கட்டணம் ரூ. 3,750, அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 675. மொத்தப் பிடித்தம் ரூ. 4,425. இதைக் கழித்தால் ரூ. 27,075 சரியாக வருகிறது.

குறைந்துபோன ரூ. 8,925இல் ரூ. 4,500 நட்டமே அன்று. சரக்கு அலமாரிக்குத் திரும்பிவிட்டது. ரூ. 675 வரி, ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கக்கூடியது. செலவு ரூ. 3,750 மட்டுமே. இதை மொத்தத் தொகையாகப் பார்த்தால் காண முடியாது. பார்சல் பார்சலாக ஒப்பிட்டால்தான் தெரியும். கைக்கணக்கில் 40 பார்சலை ஒப்பிடலாம். பெருநாள் மாதத்தில் 400 ஆகும்போது கை ஓய்ந்துவிடும்.

ஆதலால், கூரியர் நிறுவனத்தின் பெயரில் தனியாக ஒரு பேரேட்டுக் கணக்கு திறப்பது முதல் வேலை. பார்சல் சேர்ந்த நாளில் தொகையை அதன் பற்றில் எழுத வேண்டும். பணம் வந்ததும் தீர்க்க வேண்டும். திரும்பிய பார்சலுக்கு வரவுக் குறிப்பு எழுதிச் சரக்கை இருப்பில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டார், அது நமக்கு இன்னும் வரவில்லை என்ற நிலையில் அத்தொகை கூரியரிடம் இருக்கும் நம் அமானிதம். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எடையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கூரியர்கள் பலர் பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் ஓர் எடையாகக் கொள்கிறார்கள். மெய்யான எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். 40, 30, 25 அளவுள்ள பெட்டியில் 3 கிலோ துணி இருந்தாலும் அது 6 கிலோவாகவே கணக்கிடப்படும். இணைப்பு இருந்தால் நாம் குறித்த எடையும் அவர்கள் பிடித்த எடையும் அருகருகே தெரியும்.

எல்லைக்கோடு

அதியமான்கோட்டை வணிகருக்குச் சென்னையைவிடப் பெங்களூர் அருகில். ஆனால் ஓசூருக்கு அப்பால் ஒரு மாநில எல்லை இருக்கிறது. 2017 ஜூலை முதல் நாளன்று ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டதால் எல்லையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தமிழகத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவரோ, கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, தொகை சிறிதாயினும் பதிவு பெற வேண்டும். பெங்களூரிலுள்ள உறவினரின் தோழிக்கு அனுப்பும் இரண்டு புர்காவும் இதில் அடங்கும்.

இ-வே பில் வெளிமாநிலத்துக்கு ரூ. 50,000க்கு மேற்பட்ட சரக்குக்கும், தமிழகத்துக்குள் ரூ. 1 லட்சத்துக்கு மேற்பட்டதற்கும் தேவை. சரக்கின் விவரத்தை நாம் முதற் பகுதியில் நிரப்ப, வண்டி எண்ணைப் பார்சல் சர்வீஸ் இரண்டாம் பகுதியில் நிரப்புகிறது. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரியிலுள்ள பார்சல் அலுவலகம் வரை சரக்கைக் கொண்டுசெல்ல வண்டி எண் வேண்டியதில்லை. மாநிலத்துக்குள் 50 கி.மீ. வரை அச்சலுகை உண்டு. 200 கி.மீ.க்கு ஒரு நாள் வீதம் பில் செல்லுபடியாகும். பில்லும் பார்சலும் இணைந்திருந்தால் இந்த விவரங்களை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. தொகை மாறிப் பதிந்து வழியில் வண்டி நிற்கும் அவலமும் குறையும்.

லாரி பார்சலில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் தானே வரி வசூலிக்காதபோது, வாடகை தரும் பதிவு பெற்ற வணிகரே 5 சதவீதம் செலுத்த வேண்டியிருக்கும். கூரியர் கட்டணத்தையும் லாரி வாடகையையும் ஒரே தலைப்பில் எழுதி வைத்தால் ஆண்டு இறுதியில் பிரிக்க முடியாது.

தொலைந்தால்

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 நடைமுறையில் உள்ளது. கூரியர் நிறுவனங்களும் அதில் அடங்கும். சரக்கு தொலைந்தாலோ சேதமுற்றாலோ, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். இல்லாவிடில் வழக்குத் தொடர முடியாது. கூடுதல் கட்டணம் செலுத்தி முழு மதிப்புக்கும் பொறுப்பேற்கச் செய்யாத நிலையில், அவர்களின் பொறுப்பு அனுப்பும் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். ரூ. 60 கட்டணத்தில் போன ரூ. 900 உடை தொலைந்தால் ரூ. 600க்கு மேல் கேட்க இயலாமற் போகலாம். பெரிய பெட்டியாக ரூ. 30,000 சரக்கை ரூ. 400 வாடகையில் அனுப்பியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆறு மாதம் நீண்ட காலம் போலத் தோன்றும். ஆனால் சேராத பார்சல் எது என்றே தெரியாதவருக்கு அது விரைவில் கழிந்துவிடும். இணைக்கப்பட்ட கணக்கில், சேர்ந்ததும் இல்லை திரும்பியதும் இல்லை என்று நிற்கும் எண்களைத் தனிப் பட்டியலாகக் காணலாம். வாரந்தோறும் அப்பட்டியலைப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும்.

ஜகாத் கணக்கிடும் நாளிலும் இதன் பயன் தெரியும். வணிகச் சரக்கின் மதிப்புக்கும் ஜகாத் உண்டல்லவா? வண்டியில் திரும்பி வந்துகொண்டிருக்கும் சரக்கும், கூரியரிடம் தங்கியுள்ள பணமும் அலமாரியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதை எப்போது சேர்ப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்கலாம். தொகையை நாம்தான் சொல்ல வேண்டும்.

இணைப்பைத் தொடங்குவோருக்குச் சில எச்சரிக்கைகள். பொருளின் பெயர் இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 'புர்கா 54' என்பதும் 'புர்கா-54' என்பதும் கணினிக்கு வேறு வேறு பொருள். ஒரே விற்பனை இருவழியாகவும் வந்து இரட்டைப் பதிவானால் வரியும் இரட்டிப்பாகும். நம் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இந்த வழியே போகின்றன. ஆகவே இணைப்புக்கான ஏ.பி.ஐ. சாவியை, அமைத்துத் தர வந்த இளைஞரின் கைப்பேசியில் விட்டுவைக்காமல், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ரமளான் நெருக்கடியில் இதைத் தொடங்க வேண்டாம். ரஜப் மாதத்திலேயே பத்துப் பார்சல்களை மட்டும் புதிய முறையில் அனுப்பி, அவற்றின் பணம் வந்து சேரும் வரை பழைய நோட்டுப் புத்தகத்தையும் உடன் எழுதி வாருங்கள்.